ஜி முதல் கே வரை: சௌரஸ்தா மாடியில் கிடைத்த அமெரிக்கப் போர்க்கப்பல் அகராதி

அமெரிக்கக் கடற்படை தன்னுடைய போர்க்கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதி, அகரவரிசையில் அடுக்கி, எட்டுத் தொகுதிகளாகப் போட்டிருக்கிறது. முதல் தொகுதி 1959-இல் வந்தது, கடைசி இரண்டும் 1981-இல். ஆங்கிலத்தில் பெயர் ரொம்ப நீளம். கப்பல் பைத்தியம் பிடித்தவர்கள் ‘டான்ஃப்ஸ்’ என்று சுருக்கிச் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். அதன் மூன்றாம் தொகுதி, 1968-இல் அச்சானது, ஆங்கில எழுத்து ஜி-யில் தொடங்கி கே-யில் முடிவது, பினாங்கு சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய பாடநூல்களுக்கு அடியில் கிடந்தது. வாங்கிப் படித்தும் ஆயிற்று. இணையத்தில் சும்மா கிடைக்கிறதை எதற்குக் காசு கொடுத்துத் தூக்கிக்கொண்டு வருகிறாய் என்று கேட்கிறவர்களுக்கும், கிடைத்தால் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் சேர்த்து இது.

முதலில் விலை. ‘எவ்வளவுண்ணே?’ என்றதும் கடைக்காரர் புத்தகத்தை வாங்கி இரண்டு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘80 வெள்ளி குடு தம்பி, அமெரிக்காக்காரன் காயிதம், இன்னும் அம்பது வருசம் நிக்கும்’ என்றார். ‘கப்பல் புத்தகம் இங்க யாருண்ணே வாங்கப் போறா, நீங்களே சொல்லுங்க’ என்று நான் இழுத்ததில் 55 வெள்ளிக்கு முடிந்தது. காகிதத்தைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. ஓரம் மஞ்சளாகிவிட்டது, ஆனால் ஒரு பக்கம்கூட உடையவில்லை, தையல் பிரியவில்லை. அட்டையில் மட்டும் பூஞ்சை வாசனை, பின்பக்கம் ராமபாணப் பூச்சி கொஞ்சம் விருந்து சாப்பிட்டிருக்கிறது. பினாங்கு ஈரக் காற்றில் இத்தனை வயதுப் புத்தகம் இப்படி இருந்தால் அதிர்ஷ்டம்தான். வாங்கியதும் இரண்டு நாள் மின்விசிறிக்கு அடியில் விரித்து வைத்துவிட்டு அப்புறம் அலமாரியில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் புத்தகங்களுக்கும் பூஞ்சை ஏறிவிடும். கனம் அதிகம். படுத்துக்கொண்டு படிக்க நினைக்காதீர்கள்.

உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டால், எல்லாக் குறிப்புக்கும் ஒரே அச்சு. முதலில் கப்பலின் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி: ஒரு மீன், ஒரு நகரம், அல்லது செத்துப்போன ஒரு கடற்படை அதிகாரி. அடுத்து எடை, நீளம், அகலம், வேகம், ஆள் எண்ணிக்கை, பீரங்கி, டார்பிடோக் குழாய் என்று சுருக்கெழுத்தில் ஒரு பொடி எழுத்து வரிசை. அதற்கடுத்து எந்தத் தளத்தில் கட்டினார்கள், எந்தப் பெண்மணி தண்ணீரில் இறக்கி வைத்தார், எந்தத் தேதியில் சேவையில் சேர்ந்தது, முதல் தளபதி யார். அங்கிருந்து ஊர் ஊராக, சண்டை சண்டையாகப் போய், கடைசி வரியில் இத்தனை போர் நட்சத்திரங்கள், அதாவது சண்டையில் பங்கெடுத்ததற்கான விருதுகள், பெற்றது என்று முடியும். கப்பல் பழைய இரும்புக்கு விற்கப்பட்டதா, வேறு நாட்டுக்குக் கொடுக்கப்பட்டதா, கடலடியில் கிடக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். உணர்ச்சி கிணர்ச்சி எதுவும் கிடையாது, பழைய கிளார்க் எழுதிய பணிப்பதிவேடு மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் பிடித்தது. ‘வீர சாகசம்’ என்று வர்ணித்துத் தள்ளுகிற போர்ப் புத்தகங்களைப் படித்துச் சலித்தவர்களுக்கு இந்த வறட்டு நடை தேவாமிர்தம்.

நான் இந்தத் தொகுதியை விடாமல் தூக்கி வந்ததற்குக் காரணம் ‘ஜி’யில் இருக்கும் ஒரு நீர்மூழ்கிக் கப்பல். பெயர் கிரெனடியர், எண் எஸ்.எஸ். 210. பினாங்கில் இருந்துகொண்டு இந்தப் பெயரைக் கேள்விப்படாமல் இருப்பது பாவம் என்றே சொல்வேன், ஆனால் பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டதில்லை. 1940 நவம்பர் 29 அன்று போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் தண்ணீரில் இறங்கியது, 1941 மே 1 சேவையில் சேர்ந்தது. 1943 மார்ச் 20 அன்று ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டிலில் இருந்து ஆறாவது போர் ரோந்துக்குப் புறப்பட்டு மலாக்கா நீரிணைப் பக்கம் வருகிறது. தளபதி ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட். ஏப்ரல் 20 இரவு இரண்டு சரக்குக் கப்பல்கள் கண்ணில் படுகின்றன. விரட்டிப் பிடிப்பதற்காக விடியும்வரை தண்ணீருக்கு மேலேயே ஓடுகிறது, அதுதான் வினை. 21 காலை ஒரு ஜப்பானிய விமானம் பார்த்துவிட்டது. இவர்கள் அவசரமாக மூழ்குகிறார்கள். 120 அடி தாண்டிவிட்டோம், இனி பயமில்லை என்று துணைத் தளபதி சொல்லும் நேரத்தில் குண்டு வெடிக்கிறது. கப்பல் ஒருபக்கம் சாய்கிறது, விளக்கும் மின்சாரமும் போகின்றன, 270 அடிக்குப் பக்கத்தில் கடல் தரையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. மின்கட்டுப்பாட்டு அறையில் தீ வேறு.

அங்கே பதின்மூன்று மணி நேரம் கிடந்து, தீயோடும் புகையோடும் போராடி, இரவில் ஒருவழியாக மேலே வந்தால் எஞ்சின் இருந்தும் பிரொபெல்லர் சுழலவில்லை. அப்போது அவர்கள் செய்த ஒரு காரியத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன்: பெரிஸ்கோப்பில் துணியைக் கட்டிப் பாய்மரம் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பைப் பாய் விரித்துக் கரைக்கு ஓட்டிப்போய், ஆட்களை இறக்கிவிட்டுக் கப்பலை வெடி வைத்துத் தகர்ப்பது திட்டம். காற்றே இல்லை. 22 காலை ஜப்பானியக் கப்பல்கள் நெருங்க, ரகசியத் தாள்களை எரித்து, கருவிகளை உடைத்து, தாங்களே கப்பலை மூழ்கடித்துவிட்டுத் தண்ணீரில் குதித்தார்கள். அதற்கு நடுவில் ஒரு விமானம் டார்பிடோ போட வர, மேல்தளத்தில் நின்று சின்னத் துப்பாக்கிகளால் சுட்டு விலக்கியும் விட்டிருக்கிறார்கள். எட்டு அதிகாரிகள், 68 மாலுமிகள், மொத்தம் 76 பேர். ஒருவர்கூட அன்று சாகவில்லை. எல்லாரையும் ஒரு ஜப்பானிய வணிகக் கப்பல் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து இறக்கிய இடம் பினாங்கு.

இங்கேதான் எனக்கும் டான்ஃப்ஸுக்கும் சண்டை. குண்டு விழுந்ததிலிருந்து கப்பல் மூழ்கும் வரை மணிக் கணக்கு, அடிக் கணக்கு என்று துல்லியமாக எழுதியவர்கள், பினாங்குக்கு வந்ததும் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள்: விசாரித்தார்கள், அடித்தார்கள், பட்டினி போட்டார்கள், பிறகு வேறு முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவ்வளவுதான். எந்த இடத்தில் என்றுகூட இல்லை. அந்த இடம் லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட், 1852-இல் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கூடம், ஜப்பான்காரன் காலத்தில் கடற்படை பிடித்து வைத்திருந்த வளாகம். அந்த மாலுமிகள் சுவரில் கீறி வைத்த பெயர்கள் இன்றும் அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன. என் சித்தி அங்கே படித்தவர், ‘அந்த ரூமு பக்கம் போனா நாங்க சத்தம் போட மாட்டோம், சிஸ்டர் சொல்லிக் குடுத்ததில்ல, தானாவே வந்துரும்’ என்பார். பெரிய வகுப்புப் பிள்ளைகள்தான் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்களாம். கதையில் கப்பல் பெயர் இருக்காது, ‘வெள்ளைக்காரக் கைதிங்க’ என்பதோடு சரி. புத்தகத்தில் கப்பல் இருக்கிறது, சுவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் சுவர் இருக்கிறது, கப்பல் இல்லை. இரண்டையும் ஒரே ஊரில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ் வழிகாட்டிகூட இதைச் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. ஜார்ஜ் டவுன் பாரம்பரிய நடைப்பயணம் என்றால் சுவரோவியத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுப்பது, வேறென்ன. வளாகத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழைந்து பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

76 பேரில் நான்கு பேர் முகாம்களில் இறந்தார்கள், மற்ற 72 பேரும் போர் முடிந்து வீடு திரும்பினார்கள். அவர்கள் அனுபவித்ததை வைத்துப் பார்த்தால் இந்த எண் பெரிய ஆச்சரியம். இதை டான்ஃப்ஸ் சொல்கிறது, சரியாகவும் சொல்கிறது. கப்பலுக்கு நான்கு போர் நட்சத்திரங்கள் என்று முடிக்கிறது. 1968-இல் அச்சான புத்தகத்துக்குத் தெரிந்திருக்க வழியில்லாத ஒன்று: 2020 செப்டம்பரில் நான்கு முக்குளிப்பாளர்கள் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். புக்கெட்டுக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டர், 82 மீட்டர் ஆழம்.

சரி, கிரெனடியரோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். மலேசியத் தமிழன் படிக்க இந்தத் தொகுதியில் இன்னும் நிறைய இருக்கிறது, ‘எச்’ பக்கம் வந்தால் ஹூஸ்டன். அதிபர் ரூஸ்வெல்ட் பலமுறை பயணம் செய்த குரூசர், பெரிய மனிதர் ஏறும் கப்பல் என்ற பெயர் அதற்கு. 1942 மார்ச் 1 அன்று சுந்தா நீரிணையில் ஆஸ்திரேலியக் கப்பல் பெர்த்தோடு சேர்ந்து ஜப்பானியப் படையிறக்கக் கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, குண்டு தீரும்வரை சுட்டு, மூழ்கிப்போனது. தளபதி ஆல்பர்ட் ரூக்ஸ் அங்கேயே இறந்தார். கப்பலில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் 368 பேர்தான் உயிரோடு பிடிபட்டார்கள். கப்பலுக்கு என்ன ஆனது என்றே ஒன்பது மாதம் வெளியுலகத்துக்குத் தெரியாது. அந்தச் சண்டையை டான்ஃப்ஸ் எழுதியிருக்கும் விதம் அருமை, மறுபடி மறுபடி படிக்கலாம்.

ஆனால் பிடிபட்டவர்கள் எங்கே போனார்கள்? அவர்களில் பெரும்பகுதி, பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குப் போனார்கள். நம் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்து விழுந்த அதே பாதை. ஒரே காடு, ஒரே வாந்திபேதி, ஒரே மேலதிகாரி. இதை ஏன் கப்பல் அகராதி சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். அமெரிக்கக் கடற்படை தன் கப்பலைப் பற்றித்தான் எழுதும், சுங்கை சிப்புட்டுத் தோட்டத்திலிருந்து போனவரைப் பற்றி எழுதாது. எழுதியிருக்க வேண்டியவர்கள் நாம். அது வேறு புலம்பல், இங்கே வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தந்தது அகரவரிசை. கப்பல்கள் அகரவரிசையிலா சண்டை போட்டன? ‘எச்’-இல் ஹாக்பில் என்ற நீர்மூழ்கி வருகிறது. 1945 மே மாத நடுவில் திரங்கானு கரைப் பக்கம் ஹட்சுட்டாக்கா என்ற ஜப்பானியக் கண்ணிவெடிக் கப்பலை மூழ்கடித்தது என்று படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அந்த ஹட்சுட்டாக்காதான் இரண்டு வாரத்துக்கும் குறைவான நாள் முன்பு, மே 3 அன்று, லகார்ட்டோ என்ற அமெரிக்க நீர்மூழ்கியை 86 பேரோடு மூழ்கடித்த கப்பல். லகார்ட்டோ ‘எல்’, அது நான்காம் தொகுதி. ஆக, அடித்தவன் ஒரு புத்தகத்தில், அடி வாங்கியவன் இன்னொரு புத்தகத்தில். தாய்லாந்து வளைகுடாவில் லகார்ட்டோவை 2005-இல் முக்குளிப்பாளர்கள் கண்டுபிடித்தபோது அது செய்தியானதால் எனக்கு இந்தத் தொடர்பு தெரியும், வெறும் மூன்றாம் தொகுதியை வைத்துக்கொண்டு இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

இதைவிட மோசமான உதாரணமும் உண்டு. 1944 செப்டம்பர் 12 அன்று குரோலர், சீலயன், பம்பானிட்டோ என்ற மூன்று நீர்மூழ்கிகள் கூட்டாகச் சேர்ந்து சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்குப் போன ஒரு கப்பல் அணியைத் தாக்கின. அதில் ராக்குயோ மாரு என்ற கப்பலுக்குள் மரண ரயிலில் வேலை செய்து உயிர் பிழைத்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் 1,300-க்கும் மேல் இருந்தார்கள். சீலயனின் டார்பிடோவுக்கு அது தெரியாது. ஆயிரத்து நூறு பேருக்கும் மேல் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து அந்தப் பக்கம் வந்த பம்பானிட்டோவுக்கு விஷயம் தெரிய, அதுவும் அது கூப்பிட்டு வந்த சீலயனும் எண்ணெயில் ஊறி மிதந்துகொண்டிருந்தவர்களைத் தூக்கி எடுத்தன. பம்பானிட்டோ மட்டும் 73 பேரை. இப்போது அது சான் ஃபிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகமாக நிற்கிறது. இந்த ஒரே சம்பவத்தை முழுதாகப் படிக்க மூன்றாம், ஐந்தாம், ஆறாம் தொகுதிகளை மேசையில் விரித்து வைக்க வேண்டும். 55 வெள்ளிக்குக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவன் மற்ற ஏழையும் தேடி அலையும்படி ஆகிறது, இதுதான் இந்தப் புத்தகத்தின் உண்மையான விலை.

ஹார்டரைச் சொல்லாமல் விட்டால் சபாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். தளபதி சாமுவேல் டீலி. 1944 ஜூனில் இந்த நீர்மூழ்கி வடகிழக்கு போர்னியோவுக்கு, அதாவது இன்றைய சபாவுக்கு வந்து, காட்டுக்குள் ஒளிந்திருந்து ஜப்பானியக் கப்பல்களைக் கண்காணித்த ஆஸ்திரேலியக் குழுவில் மிஞ்சியிருந்தவர்களை இருட்டில் ஏற்றிக்கொண்டு போனது. போகிற வழி, வருகிற வழி எல்லாம் தாவி-தாவி என்ற பிலிப்பைன்ஸ் தீவின் பக்கம் நாசகாரிக் கப்பல்களோடு மோதல்: ஜூன் 6 மினாசுக்கி, 7 ஹயனாமி, 9 தனிக்காஸே. நீர்மூழ்கியை வேட்டையாடக்கூடிய கப்பல்கள் அவை, நான்கு நாளில் மூன்று போயின. ஆகஸ்டு 24 அன்று ஹார்டரும் போனது, ஆள் ஒருவர் மிச்சமில்லை.

இனி, பழைய அச்சின் பெரிய குறை. இந்தப் புத்தகம் 1968-இல் உறைந்துபோன ஒன்று. ஹார்டரின் உடல் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்கு அருகே மூவாயிரம் அடிக்கும் கீழே நிமிர்ந்த நிலையில் கிடப்பதை 2024 மே மாதம்தான் அமெரிக்கக் கடற்படை உறுதி செய்தது. ‘ஐ’-யில் வரும் இண்டியானாபொலிஸ் 1945 ஜூலை 30 அன்று மூழ்கி, 1,195 பேரில் 316 பேர் மட்டும் பிழைத்தது பலருக்கும் தெரிந்த கதை, தளபதி மெக்வேயை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டித்ததும் தெரிந்திருக்கும். ஆனால் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்மேல் குற்றமில்லை என்று தீர்மானம் போட்டது, 2017-இல் ஐந்தரைக் கிலோமீட்டர் ஆழத்தில் கப்பல் கிடைத்தது, இதெல்லாம் இந்தத் தாளில் எப்படி இருக்கும்? ஐந்து சல்லிவன் சகோதரர்கள் சேர்ந்து வேலை பார்த்த ஜூனோ குரூசரும் 2018-இல்தான் கிடைத்தது.

எல்லாவற்றிலும் கிரேபேக் கதை தனி. எஸ்.எஸ். 208. 1944 பிப்ரவரியில் ஒகினாவா பக்கம் காணாமல் போனது. போருக்குப் பிறகு ஜப்பானிய ஆவணங்களை வைத்து இடத்தைக் குறித்தபோது தீர்க்கரேகையில் ஒரே ஒரு இலக்கத்தை யாரோ தவறாக எழுதிவிட்டார்கள். நூறு மைல் தள்ளி ஒரு இடத்தை எழுபது வருடம் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜப்பானிய ஆய்வாளர் மூல ஆவணத்தை எடுத்துப் பார்த்து இலக்கத்தைத் திருத்திச் சொல்ல, 2019 ஜூனில் தேடுகுழு போய் 1,400 அடி ஆழத்தில் கப்பலைக் கண்டது. 80 பேரின் குடும்பங்கள் அத்தனை வருடம் தவறான கடலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கின்றன. அரசாங்கம் அச்சடித்தது, பெரிய எழுத்தில் முத்திரை இருக்கிறது என்பதற்காக இந்த மாதிரிப் புத்தகத்தின் எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து எழுதாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, இது கப்பலின் சொந்தக்காரர்கள் எழுதிய கதை. கிரெனடியர் 1942 மே 8 அன்று தாயோ மாரு என்ற பயணிக் கப்பலை மூழ்கடித்தது. டான்ஃப்ஸ் படி அதில் இருந்தவர்கள், பிடித்த நாடுகளின் வளத்தை உறிஞ்சுவதற்காகத் தென்கிழக்காசியாவுக்கு வந்துகொண்டிருந்த விஞ்ஞானிகள், தொழில் வல்லுநர்கள், எதிரிக்கு அது பலத்த அடி. அது உண்மைதான், அவர்கள் வந்து சேர்ந்திருந்தால் நம் பக்கத்து எண்ணெய்க் கிணறுகளைத்தான் நோண்டியிருப்பார்கள். எண்ணூறு பேருக்கும் மேல் அதில் இறந்தார்கள் என்பதை வேறு இடத்தில்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தன் பக்க மரணத்தைத் தலையெண்ணி எழுதுவது, எதிர்ப்பக்க மரணத்தை டன் கணக்கில் எழுதுவது, எல்லா நாட்டுக் கடற்படைக்கும் இதே வழக்கம்தான். படிக்கிறவர் கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இணையப் பதிப்பு போதாதா? தகவலுக்கு மட்டும் என்றால் போதும், தாராளமாகப் போதும். அரசாங்கத் தயாரிப்பு என்பதால் பதிப்புரிமைத் தொல்லை கிடையாது, முதலில் ஆர்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றினார்கள், இப்போது கடற்படையின் வரலாற்றுத் துறையே தன் தளத்தில் வைத்திருக்கிறது. பத்தாயிரத்துக்கும் அதிகமான கப்பல்கள், காசு ஒரு சென் கிடையாது, பட்டர்வொர்த் ஃபெர்ரியில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே படிக்கலாம். பல குறிப்புகளை அடியிலிருந்து திருத்தி விரிவாக்கி எழுதுகிறார்கள், அச்சில் ஒரு பத்தியாக இருந்தது அங்கே சிறு புத்தகம் அளவுக்கு வளர்ந்திருக்கும். ஆனால் எல்லாக் கப்பலுக்கும் அந்த யோகம் வரவில்லை. சில குறிப்புகள் புதியவை, சில அப்படியே பழைய அச்சின் நகல், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எது எப்போது எழுதியது என்று பார்த்துப் படிக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்காதது ஒன்றே ஒன்று, தேடாமல் கண்ணில் படுவது. கிரெனடியரைத் தேடிப் பக்கம் புரட்டும்போது குரோலர் வந்து நின்றது. அதன் தளபதி ஹோவர்ட் கில்மோர் 1943 பிப்ரவரியில் மேல்பாலத்தில் குண்டடிபட்டு விழுந்த நிலையில், தன்னை வெளியே விட்டுவிட்டுக் கப்பலை உடனே மூழ்கடிக்கச் சொன்னவர். கப்பல் தப்பியது, அவர் கடலோடு போனார். போனில் கிரெனடியர் என்று தட்டினால் கிரெனடியர் மட்டும்தான் வரும். அகரவரிசையைத் திட்டித் தீர்த்த நானே இதை அகரவரிசையால் கிடைத்த லாபம் என்று சொல்கிறேன், திட்டினதும் உண்மை, இதுவும் உண்மை.

வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில எச்சரிக்கை. ஆங்கிலம் கடினமில்லை, சுருக்கெழுத்துதான் முதலில் கழுத்தை அறுக்கும். முன்பக்கத்தில் சுருக்கெழுத்துப் பட்டியலை முதலில் பாருங்கள், அரைமணி நேரத்தில் பழகிவிடும். அளவெல்லாம் அடியிலும் டன்னிலும் இருக்கும், மீட்டர் கிடையாது. வரைபடத்தை நம்பி இறங்காதீர்கள், பக்கத்தில் ஒரு நல்ல தென்கிழக்காசிய வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர்கள் பழைய எழுத்தில் இருக்கும், மலேசியா என்று ஒரு நாடு பிறப்பதற்கு முன்னால் நடந்த சம்பவங்கள்தானே பெரும்பாலும். பள்ளிப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், அந்தப் பிள்ளை உங்களை மன்னிக்காது. மாடல் கப்பல் ஒட்டுகிறவர்கள், வான்படை, கடற்படை என்று பழைய ராணுவக் கதைகளில் ஊறியவர்கள், ஜப்பான்காரன் காலத்தைப் பற்றித் தாத்தா பாட்டி சொன்னதைத் தேதியோடு சரிபார்க்க நினைக்கிறவர்கள், இவர்கள் வாங்கலாம். 60 வெள்ளிக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம். 100 தாண்டினால் விட்டுவிட்டு இணையத்தில் படியுங்கள்.

இணைய விற்பனையாளரிடம் வாங்குவதாக இருந்தால் முதுகுப் பக்கத்தையும் உள்தாளையும் போட்டோ கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள். நான்காம் தொகுதிக்காக நான் கோலாலம்பூர் ஆள் ஒருவரிடம் காசு கட்ட, ‘நல்ல நிலை’ என்று சொல்லி அனுப்பினார், பெட்டியைத் திறந்தால் நூறு பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாக இருந்தது. லகார்ட்டோ அந்தப் பாறைக்குள்தான் இருக்கிறது. திருப்பி அனுப்பிக் காசு வந்துவிட்டது, தபால் செலவு போனது போனதுதான். சௌரஸ்தா அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ‘வந்தா போன் அடிக்கிறேன் தம்பி, ஆனா இந்தத் தடவை 80-தான்’ என்கிறார். வடக்கே யாரிடமாவது எல், எம் தொகுதி காய்ந்த நிலையில் இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.